பிந்தி வந்தவளுக்குக் கைதட்டல்

மாலேக் துறைமுகத்தில் ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டும் என்று யாராவது வாயைத் திறந்தால், அது மோர்வென் கில்லீஸாகத்தான் இருக்கும் என்று ஒரு காலம் இருந்தது. வாரநாளில் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. சனிக்கிழமை ரயில் நிலையத்துக்கு எதிரே மடக்கு மேசையைப் போட்டு, ஸ்காட்லாந்தின் நீலக் கொடியை விரித்து, காற்று தூக்கிக்கொண்டு போகாமல் மூலைக்கு ஒரு கல் வைத்துவிட்டு நிற்பாள். ஊர்க்காரர்கள் மழையைச் சாக்கிட்டுத் தலையைக் குனிந்தபடி கடந்து போவார்கள். குழுவில் அப்போது இருந்தவர்களை ஒரே காரில் அடைத்துவிடலாம். தலைவர் டூகல், கப்பல்துறையில் பயணச்சீட்டுக் கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், குளிரில் மூக்கு ஒழுகப் பக்கத்தில் நிற்பார். யாரையாவது தங்கள் பக்கம் திருப்பினார்களா என்று கேட்டால் இருவருமே பேச்சை மாற்றுவார்கள்.

இரண்டாயிரத்துப் பதினாலில் ஓட்டெடுப்பு நடந்தது. தோற்றார்கள். மாலேக்கில் அந்தத் தோல்விக்குப் பாதிக் காரணம் ரோனா மெக்வார் என்பது மோர்வெனின் கணக்கு.

ரோனா அவளோடு ஒரே வகுப்பில் படித்தவள். படகுகளிடமிருந்து இறாலை உயிரோடு வாங்கி, குளிர் லாரியில் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் அனுப்புகிறவள். ஓட்டெடுப்புக்கு முன்னால் துறைமுகச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டு மீனவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "தனியாப் போனா ஐரோப்பிய ஒன்றியம் நம்மள வெளிய தள்ளிடும். என் லாரி எல்லையில நிக்கும். அப்புறம் உங்க இறால யாரு வாங்குவா, மோர்வெனா?" சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லாரும் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள்.

முடிவு வந்த மறுநாள் காலை மோர்வென் ரொட்டிக் கடை வாசலில் ரோனாவின் லாரிக்கு எதிரில் மாட்டிக்கொண்டாள். ரோனா கண்ணாடியை இறக்கி, "கொடிய மடிச்சு வைடி. பேரப்பிள்ளைக்குப் போர்வையா ஆகும்" என்றாள். கிண்டலாகத்தான் சொன்னாள். மோர்வென் ரொட்டி வாங்காமல் வீட்டுக்கு வந்து அழுதாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். இரண்டு வருடம் கழித்துப் பிரிட்டன் முழுவதும் இன்னொரு ஓட்டெடுப்பு வைத்து, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போவதென்று முடிவு செய்துவிட்டது. ஸ்காட்லாந்தில் பெரும்பான்மை போக வேண்டாம் என்றது. அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இழுபறி எல்லாம் முடிந்து, உண்மையிலேயே ஐரோப்பியச் சந்தையை விட்டு வெளியே வந்த முதல் குளிர்காலத்தில், ரோனாவின் லாரி நின்றது. எல்லையில்கூட இல்லை, எல்லைக்குப் போவதற்கான சான்றிதழுக்காக இங்கேயே, நெடுஞ்சாலை ஓரத்துக் கிடங்கு வாசலில் நின்றது. பெட்டி பெட்டியாக இறால் செத்தது. ரோனா கையுறை போட்டுக்கொண்டு தானே அள்ளிக் கொட்டினாளாம். நாற்றம் ஒரு வாரம் தலைமுடியை விட்டுப் போகவில்லை என்று சொன்னார்கள்.

கேள்விப்பட்டபோது மோர்வெனுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி ஓடியது உண்மை. நல்லா வேணும் என்று நினைத்தாள். அந்தக் குளிர்ச்சி, கொரோனாக் கட்டுப்பாடு முடிந்து கூட்டங்கள் மறுபடி தொடங்கும்வரை தாங்கியது. முதல் கூட்டத்துக்கே ரோனா வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

"என்னையும் சேத்துக்குவீங்களா?" என்றாள்.

டூகல் எழுந்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். மோர்வென் இத்தனை வருடமும் தனக்கான நாற்காலியைத் தானே விரித்துக்கொண்டவள். தேநீர்க் கெண்டியைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றாள்.

அந்தக் கோடையில் சனிக்கிழமை மேசை வேறு மாதிரி ஆயிற்று. ரோனா மேசைக்குப் பின்னால் நிற்கவே மாட்டாள். நடுத்தெருவுக்குப் போய்விடுவாள்.

"என்ன ரோனா, நீயா இங்க?" என்று யாராவது நிற்பார்கள்.

"நானேதான். பிரிட்டனோட ஒண்ணா இருந்தா ஐரோப்பாவுல இருக்கலாம்னு சொன்னாங்க, நம்பினேன். நம்பினவ லாரியில என்ன கெடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும்."

அவ்வளவுதான். நின்றவர்கள் மேசைக்கு வந்து பெயர் கொடுத்தார்கள். மீன் வறுக்கும் கடைக்காரர், விடுதி நடத்துகிற போலந்துக்காரி, வேண்டாம் என்று ஓட்டுப் போட்ட அத்தனை முகங்களும் வந்தன. குழு காருக்குள் அடங்காமல் போய், கூட்டம் நடக்கும் கூடத்தின் பின்கதவையும் திறந்துவிட வேண்டியதாயிற்று. மோர்வென் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்கக் கேட்டது இதைத்தானே? ஆனால் வருகிற ஒவ்வொருவரும் "ரோனா இல்லையா?" என்று கேட்டபோது அவளுக்கு வயிறு பற்றியெரிந்தது. முந்திப் பிறந்த காதைப் பிந்திப் பிறந்த கொம்பு மறைக்கும் என்பது மாட்டுக்குச் சொன்னதில்லை, எனக்குத்தான் சொன்னது என்று பொருமிக்கொண்டே கல்லை எடுத்து மூலையில் வைப்பாள்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. கணவன் லாக்லன் சின்னப் படகில் கூண்டு இறக்கி இறால் பிடிக்கிறவன். முதல் ஓட்டெடுப்பில் மனைவியோடு சேர்ந்து தனி நாடு வேண்டும் என்றவன், இரண்டாவதில் ஒன்றியம் வேண்டாம் என்று போட்டான். இப்போது குழு, தனி நாடாகி மறுபடி ஒன்றியத்தில் சேருவோம் என்கிறது. அவன் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

"லண்டன்காரன் காலைப் புடிக்க வேணாம்னு சொல்லிட்டு பிரஸ்ஸல்ஸ்காரன் காலைப் புடிக்கணுமா? எனக்கு ரெண்டு காலும் வேணாம்."

"நீ வேணாம்னு போட்டதாலதான் இறால் வெல வுழுந்து கெடக்கு."

"வுழுந்தா வுழட்டும்."

இந்த இடத்தில் அவர்கள் பேச்சு எப்போதும் நின்றுவிடும். அவன் கோட்டை மாட்டிக்கொண்டு படகுக்குப் போவான்.

ஒருநாள் மதியம் மோர்வென் அவனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு துறைக்குப் போனாள். கூண்டுகள் அடுக்கியிருந்த மறைவுக்கு அந்தப் பக்கம் லாக்லனும் ரோனாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

"சரி, ஒன்றியத்து மேல உனக்கு என்னதான் அவ்ளோ கோவம்? கொள்கையெல்லாம் வேணாம். உனக்கு என்ன ஆச்சு, அதச் சொல்லு" என்றாள் ரோனா.

லாக்லன் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான். மீன்பிடிப் படகுகளைக் குறைக்க ஒன்றியம் திட்டம் போட்ட காலம். அப்பா நஷ்டஈடு வாங்கிக்கொண்டு படகை ஒப்படைத்தார். விற்கக்கூடாது, நொறுக்க வேண்டும் என்பது விதி. கரையில் ஏற்றி, மண் அள்ளும் எந்திரத்தால் அடித்தார்கள். "ஓக் மரம். மொத அடிக்கு ஒடையல. அப்பா எண்ணெய்த் துணியால அந்தப் படகோட பேரு எழுதின பலகைய மட்டும் தொடைச்சுக்கிட்டே நின்னாரு. தொடைச்சு என்ன பண்ணப் போறாருன்னு எனக்குப் புரியல."

"இத மோர்வென்கிட்ட சொல்லியிருக்கியா?"

"அவ கேட்டதில்ல."

மோர்வென் சாப்பாட்டை ஒரு கூண்டின் மேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். கல்யாணமாகித் தலை நரைத்தாயிற்று. படகை நொறுக்கினார்கள் என்பது அவளுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். அந்தத் துணி தெரியாது. தன் புருஷன் வாயிலிருந்து அதைப் பிடுங்கியவள் நேற்று முளைத்த ரோனா. அவர்களுக்குள் தப்பாக ஒன்றும் இல்லை என்பது நன்றாகத் தெரிந்ததால் பொறாமை இன்னும் கசந்தது. தப்பாக ஏதாவது இருந்தால் சண்டையாவது போடலாம்.

இன்வர்னெஸ் நகரில் பெரிய பேரணி அறிவித்தார்கள். ஊருக்கு ஒருவர் மேடையில் பேசலாம். மாலேக்கில் யார் என்று முடிவு செய்யக் கூட்டம் கூடியது. டூகல் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரோனா பேசினா நல்லா இருக்கும்னு பல பேரு நெனைக்கிறாங்க" என்றபடி மோர்வெனின் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார்.

மோர்வென் எழுந்தாள்.

"பேசட்டும். அதுக்கு முன்னால அன்னிக்கு என்கிட்ட சொன்னத இங்க சொல்லட்டும். நாம தோத்த மறுநாள். ரொட்டிக் கடை வாசல்ல."

எல்லாரும் ரோனாவின் பக்கம் திரும்பினார்கள். ரோனா நெற்றியைச் சுருக்கினாள். அவளுக்கு நினைவே இல்லை என்பது அப்போதுதான் மோர்வெனுக்குத் தெரிந்தது. அந்த ஒரு வாக்கியத்தை இத்தனை வருடமும் இவள் மட்டும் சுமந்திருக்கிறாள்.

"கொடிய மடிச்சு வை, பேரப்பிள்ளைக்குப் போர்வையா ஆகும்னா. இவதான் சொன்னா. எத்தன பேரை வேணாம்னு போட வெச்சா. இவ இல்லாம இருந்திருந்தா நாம அன்னிக்கே..." அவள் உட்கார்ந்தாள்.

ரோனா மெதுவாக எழுந்து முன்னால் வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"சொல்லியிருப்பேன். என் வாயி அப்படித்தான். பயந்துபோய்க் கெடந்தேன், ஜெயிச்சதும் திமிரு வந்துச்சு. லாரி நின்னுடும்னு பயந்து நாட்ட வேணாம்னேன். நாடும் இல்லாம லாரியும் நின்னுச்சு. மோர்வென் மழையில நின்னப்ப நான் கண்ணாடிய ஏத்திக்கிட்டு அவ மேல தண்ணி தெறிக்க ஓட்டிக்கிட்டுப் போனவ. அவளுக்குத்தான் அந்த மேடை. நான் போகல."

முதலில் மீன் கடைக்காரர் தட்டினார். பிறகு கூடமே தட்டியது. அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள்ளேயே மோர்வெனுக்குப் புரிந்துவிட்டது. ரோனாவை அவமானப்படுத்த எடுத்த கல்லை இவளே அவளுக்கு மேடைப்படியாகப் போட்டுக் கொடுத்துவிட்டாள். இனி யார் போனாலும் பேச வேண்டிய பேச்சு அதுதான். அதைப் பேச ரோனாவால் மட்டும்தான் முடியும்.

"நீயே போ," என்றாள் மோர்வென். "நான் பேசினா ஏற்கெனவே நம்புறவங்கதான் கேப்பாங்க."

பெருந்தன்மை என்று எல்லாரும் நினைத்தார்கள். டூகல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது பெருந்தன்மை இல்லை என்று அவளுக்கு மட்டும் தெரியும். தட்டில் வைத்துக் கொடுத்ததை வாங்கிக்கொள்ள மானம் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்வர்னெஸ்ஸில் ரோனா பேசியபோது மோர்வென் கூட்டத்தின் நடுவில் கொடியோடு நின்றாள். சுற்றிலும் அழுதார்கள். பக்கத்தில் நின்ற அந்நிய ஊர்க்காரி, "எவ்ளோ தைரியம் பாருங்க, மனச மாத்திக்கிறது லேசா?" என்றாள். மனதை மாற்றாமல் இருப்பதும் லேசில்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

அடுத்த இலையுதிர் காலத்தில் லண்டனிலிருந்து தீர்ப்பு வந்தது. லண்டன் சம்மதிக்காமல் ஸ்காட்லாந்து தானாக இன்னொரு ஓட்டெடுப்பு நடத்த முடியாது என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அன்று மாலேக்கில் கூடம் நிரம்பி வழிந்தது. எல்லாரும் கொதித்தார்கள். கொதித்தது ஆறியது. வசந்தம் வருவதற்குள் பின்கதவைத் திறக்க வேண்டிய தேவை போயிற்று. போலந்துக்காரி விடுதியை மூடிக்கொண்டு ஊருக்குப் போனாள். மீன் கடைக்காரர் மின்சாரச் செலவைப் பற்றி மட்டும் பேசினார்.

ரோனா ஒருநாள் காலை பள்ளிச் சமையலறை வாசலுக்கு வந்தாள். மோர்வென் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்ட மொதல்ல சொல்லணும்னு வந்தேன். நான் கிலிபெக்ஸ் போறேன்."

கிலிபெக்ஸ் அயர்லாந்தின் வடமேற்குக் கரையில் இருக்கிற மீன்துறை. அயர்லாந்து தனி நாடு. ஒன்றியத்துக்குள் இருக்கிற நாடு. அங்கே ஒரு கிடங்கு பார்த்தாயிற்று, அடுத்த மாதம் லாரி போகிறது என்றாள் ரோனா.

மோர்வென் கத்தியைக் கீழே வைத்தாள். "எங்களயெல்லாம் கெளப்பிவிட்டுட்டு?"

"எனக்கு ஐம்பத்தி நாலு ஆகுது, மோர்வென். நாடு வர்ற வரைக்கும் இறால் காத்துக்கிட்டு இருக்காதுடி."

"நான் காத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"தெரியும். உன்ன மாதிரி என்னால முடியாது. எனக்கு அதுல எப்பவுமே உன்மேல பொறாமைதான்."

மோர்வென் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். கிண்டல் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. நம்பவும் முடியவில்லை. "கிழங்கு கறுத்துப் போவுது," என்று சொல்லிக் கத்தியை எடுத்துக்கொண்டாள். ரோனா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

கோடையில் அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள். பின்னால் கடற்பறவைகளின் சத்தம். லாரி அயர்லாந்திலிருந்து நேராகக் கப்பலேறிப் பிரான்ஸ் போய்விட்டதாம். ஒருவரும் நிறுத்தவில்லையாம், பழைய காலம் மாதிரி. தபால் நிலையத்து வாசலில் அயர்லாந்தின் மூவர்ணக் கொடி பறக்கிறது, ஒரு பயல்கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை என்று சொல்லிச் சிரித்தாள்.

மோர்வென் பேசிவிட்டு வைத்தாள். லாக்லன் மேசையில் வலைக்கயிறு பின்னிக்கொண்டிருந்தான்.

"என்னவாம்?"

"நல்லா இருக்காளாம்." அவள் அடுப்பங்கரை ஜன்னல் பக்கம் போய் நின்றாள். "நான் கேட்ட நாட்டுல போய் உக்காந்துக்கிட்டா, லாக்கி. கொடியப் பாக்காம தெருவுல நடக்கிறாங்களாம். எனக்கு அப்படி ஒருநாள் நடக்கணும்."

"வயிறு எரியுதா?"

"எரியுது." சொன்னபோது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை நாளும் இந்தச் சொல்லை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

லாக்லன் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். பிறகு தலையை நிமிர்த்தாமலே, "எனக்கும்தான்," என்றான்.

"உனக்கு எதுக்கு?"

"அங்க ஒரு கூடை இறாலுக்கு என்ன குடுக்குறாங்கன்னு ரோனா போன வாரமே எனக்குச் சொன்னா."

மோர்வென் எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஒன்றியம் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டவன் மீது கோபப்பட வேண்டிய இடம் அது. அவளுக்கு என்னவோ வேறொன்று கேட்கத் தோன்றியது. "ஒங்கப்பா அந்தப் பலகைய என்ன பண்ணினாரு?" என்றாள்.

அவன் வெகுநேரம் பேசினான்.

சனிக்கிழமை டூகலுக்கு முழங்கால் வலி, வரவில்லை. மடக்கு மேசையை லாக்லன் தோளில் தூக்கி வந்து ரயில் நிலையத்துக்கு எதிரே விரித்துக் கொடுத்தான். கூட நிற்கமாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டான். வண்டிக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு, மழை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.