கிழக்குக் கைப்பிடி

வியாழக்கிழமை தொடங்கிய சாலை மறியல் சனிக்கிழமையும் ஓயவில்லை. பஸ் ஒன்றும் ஓடவில்லை. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் பிட்டராக இருந்த கொளஞ்சியப்பன், கூட வேலை செய்கிறவனிடம் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு தியாகதுருகத்துப் பக்கம் இருக்கிற தன் ஊருக்குக் கிளம்பினான். வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தே தீருவான். மரம் விழுந்து கிடந்த இடங்களில் சைக்கிளைத் தோளில் ஏற்றிக்கொண்டு தாண்டினான். தோல் உரிந்து போயிற்று.

வழி நெடுகக் கோடாலியால் கொத்திச் சாய்த்த மரங்கள். கன்னாபின்னாவென்று பிய்ந்த அடிமரங்கள். இட ஒதுக்கீடு கேட்கிற போராட்டம். அவனுடைய சனம்தான் கேட்கிறது. அது நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டுதான் சைக்கிளைத் தூக்கினான். ஊர் நெருங்கும்போது அடிமரம் வேறு மாதிரி இருந்தது. தட்டு மாதிரி மழமழவென்று அறுத்திருந்தது. சைக்கிளை இறக்கி வைத்துவிட்டுக் கையால் தடவிப் பார்த்தான். இந்தச் சுற்றுவட்டாரத்தில் இப்படி அறுக்கிற ரம்பம் ஒன்றுதான். போன ஞாயிற்றுக்கிழமை அதற்குப் பல் தீட்டியவன் அவன்தான்.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் கொட்டகைக்குள் போனான். மாட்டு வண்டி நிறுத்த அவன் அப்பா போட்ட கொட்டகை அது. வண்டியை விற்ற பிறகு கொளஞ்சியப்பன் அதை ஒர்க்‌ஷாப்பாக மாற்றிக்கொண்டிருந்தான். ஒரு வாரம் தரைக்குச் சிமெண்டு, ஒரு வாரம் மேசைக்கு இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ், இன்னொரு வாரம் செவ்வந்தியின் அடுப்படிக்கு ஒரு தட்டு. போன ஞாயிறு பல் தீட்டிய நேரம் போகச் சுவர் வேலை. ஒவ்வொரு சாமானையும் ஆணியில் மாட்டி, அதைச் சுற்றிக் கறுப்புப் பெயின்டால் கோடு இழுத்திருந்தான். எதை எடுத்தாலும் எங்கே திரும்ப மாட்டுவது என்று சுவரே சொல்லும். சுத்தியல் இருந்தது. கொறடு இருந்தது. நடுச்சுவரில், ஆள் நீளத்துக்கு, பல் பல்லாக ஒரு கோடு மட்டும் வெறுமனே இருந்தது.

"செவ்வந்தீ."

அவள் ஈரக் கையோடு வந்து வாசலில் நின்றாள். அவள் பார்த்த பார்வையிலேயே விஷயம் அவளுக்குத் தெரியும் என்று தெரிந்தது.

"ரம்பம் எங்க?"

"தம்பி வந்து கேட்டான் மாமா. மாட்டுக் கொட்டாய்க்குக் காலு அறுக்கணும்னான். நீயும் இல்ல. கூடப் பொறந்தவன் கேக்கறான், இல்லன்னு சொல்ல முடியுமா?"

"எப்ப கேட்டான்?"

"புதங்கெழம."

"வியாழக்கெழம மறியலு. புதங்கெழம ரம்பம் கேக்கறான். கொட்டாய்க்குன்னு நீ நம்பிக்கினு குடுத்த."

"எனக்கு இன்னா தெரியும்?" என்றாள். பிறகு குரலை இறக்கி, "வூட்டுக்கும் வரலியாம் அவன். கம்பங்கொல்லையில படுத்துக்கினு கீறான்னு சொல்றாங்க" என்றாள்.

கொளஞ்சியப்பன் மேசைமேல் உட்கார்ந்தான். கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. ஊரில் எல்லாருடைய ரம்பத்துக்கும் கைப்பிடியை ஆணி அடித்து இறுக்கியிருப்பார்கள். பல் தீட்டும்போது அது இடைஞ்சல் என்று இவன் தன்னுடைய ரெண்டாள் ரம்பத்துக்கு இரண்டு பக்கமும் இரும்புக் கிளாம்பு செய்து, போல்ட்டு போட்டு, கைப்பிடியைக் கழற்றி மாட்டுகிற மாதிரி ஆக்கியிருந்தான். அதோடு நின்றிருக்கலாம். ஆலையில் எந்தச் சாமானையும் டோக்கன் நம்பர் குத்தாமல் விட்டால் அடுத்த ஷிப்டுக்காரன் கொண்டுபோய்விடுவான். அந்தப் பழக்கத்தில், தகட்டின் ஒரு முனையில், கிளாம்புக்கு உள்ளே மறைகிற இடத்தில், பஞ்ச் வைத்துத் தன் நம்பரையும் ஆலையின் இரண்டு எழுத்தையும் குத்திவிட்டான். கைப்பிடியைக் கழற்றினால் போதும். போலீஸ் ஆலை கேட்டில் போய் அந்த நம்பரைச் சொன்னால் வாட்ச்மேன்கூட ஆளைக் காட்டிவிடுவான்.

ஆறு சீசனாகச் சீசன் பிட்டராகவே ஓட்டியிருக்கிறான். இந்த வருடம்தான் பர்மனென்ட் என்று வாயால் சொல்லியிருக்கிறார்கள். போலீஸ் கேஸ் என்றால் கேட்டுக்கு உள்ளே விடமாட்டார்கள். மறுபடியும் ஊரான் நிலத்தில் கரும்பு வெட்டத்தான் போகவேண்டும். அவன் அப்பாவின் கை விரல்கள் கரும்பு வெட்டியே மடங்கிப் போனவை. சாகும்வரை அவரால் சோற்றைப் பிசைய முடியவில்லை.

பக்கத்து வீட்டு ரங்கம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே கூவினாள். "கொளஞ்சி, வந்துட்டியாப்பா? கெழக்கத்தி ஊருங்கள்ல வூடு வூடாப் பூந்து ரம்பம், கோடாலி எல்லாத்தையும் அள்ளிக்கினு போறானுங்களாம். ஆம்பளைங்களையும் சேத்துதான். நீ இன்னாத்துக்குடா இந்த நேரம் பார்த்து வந்த? அங்கயே கெடக்கறதுக்கு இன்னா?"

"ஊட்டுச் சோறு இழுத்துக்கினு வந்துச்சு அத்தை."

"இழுக்கும் இழுக்கும். அப்புறம் ஜெயில் களி இழுக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

ஞாயிறு காலை விடிந்ததும் விடியாததுமாக, அந்த வெறுங்கோட்டை எப்படி மறைப்பது என்று சுவரைப் பார்த்தார்கள். சுண்ணாம்பு அடிக்கலாம் என்றாள் செவ்வந்தி. ஒரு இடத்தில் மட்டும் வெள்ளையாக இருந்தால் குருடனுக்கும் தெரியும் என்றான் இவன். சுரண்டிப் பார்த்தான். பெயின்டு காரையோடு சேர்ந்து பிடித்திருந்தது. நல்ல பெயின்டு, ஆலைப் பாய்லருக்கு அடிக்கிறது.

"பேசாம அதுல ஒரு மொதலய வரைஞ்சுடு மாமா. பல்லு இருக்குதே."

அந்த நிலைமையிலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபோதுதான் யோசனையும் வந்தது. கட்டில் சட்டத்துக்கென்று வைத்திருந்த இரண்டு பலகையை எடுத்தான். கோட்டின்மேல் அகலமாகப் பின்பலகை, அதில் முட்டுக்கட்டை, அதன்மேல் தட்டு. வேறு எந்த ஞாயிறாக இருந்தாலும் அளந்து, இழைத்து, மட்டம் பார்த்து ஒரு முழு நாள் செய்திருப்பான். இப்போது ஆணியை அடித்தான், அடித்துக்கொண்டே இருந்தான். ஒரு முனையில் நாலு பல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. செவ்வந்தி அவன் பழைய சட்டையை அங்கே மாட்டினாள்.

கடைசி ஆணியை அடிக்கும்போது வாசலில் பூட்ஸ் சத்தம்.

ஜீப் வர வழியில்லாததால் நடந்தே வந்திருந்தார்கள். ஒரு எஸ்.ஐ., பின்னால் நாலைந்து போலீஸ்காரர்கள். எஸ்.ஐ.யின் பேன்ட் முழங்கால்வரை சேறு. கண் சிவந்திருந்தது. தூங்கி ரொம்ப நேரம் ஆகியிருக்கும்.

"ஊரே பத்திக்கிட்டு எரியுது, நீ பலகை அடிச்சிக்கிட்டு இருக்கியா?"

"லீவு நாளுங்க. மத்த நாள்ல மில்லுல இருப்பங்க."

"மில்லுல இன்னா வேலை?"

"பிட்டருங்க."

எஸ்.ஐ. கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். சுத்தியலின் கோடு, கொறடின் கோடு, அரத்தின் கோடு. புதுத் தட்டின்மேல் கை வைத்தார். ஆடியது. "பிட்டராம், ஆடுது பாரு" என்றார். பல்லை மறைத்த சட்டைக்கும் அவர் தோளுக்கும் ஒரு சாண் இடைவெளி. செவ்வந்தி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நடுவில் நின்றாள். எஸ்.ஐ. வாங்கிக் குடித்தார்.

"சரி, சாமானை எடுத்துக்க. ஸ்பேனர், சுத்தி, ரெண்டு ஆப்பு. ஊர் எல்லையில ஒரு மரத்தைப் பாதி அறுத்துட்டு ஓடிட்டானுங்க. ரம்பம் அதுலயே மாட்டிக்கிட்டு இருக்கு. எங்க ஆளுங்க இழுத்துப் பாத்தாச்சு, வரல. ரம்பம் எனக்கு வேணும்."

செவ்வந்தி காலிச் செம்பை வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

ரோட்டோரப் புளியமரம். ரோட்டுப் பக்கமாகச் சாய்ந்து வளர்ந்தது. சாய்ந்த பக்கத்திலேயே ரம்பத்தை வைத்து அறுத்திருக்கிறான் முட்டாள் மச்சான். மரம் தன் எடையெல்லாம் இறக்கி வாயை மூடிக்கொண்டது. ரம்பம் கிழக்கும் மேற்குமாகச் சிக்கிக் கிடந்தது. இரண்டு பக்கமும் கைப்பிடி நீட்டிக்கொண்டு நின்றது. நம்பர் குத்தியது எந்த முனை என்று அவனுக்குத் தூரத்திலேயே தெரிந்தது. அந்தக் கைப்பிடிக்கு அவன் போட்டது கருவேலங்கட்டை. கிழக்கு முனை. அதற்கு நேர் மேலேதான் மரத்தின் பெருங்கிளை தொங்கியது.

ஊர் சனம் தள்ளி நின்று பார்த்தது. செவ்வந்தியும் பின்னாலேயே வந்துவிட்டாள்.

"போல்ட்டு போட்ட கைப்பிடி சார்" என்றார் வயதான ஏட்டு ஒருவர். கிராமத்து ஆள் போல. "இத்த மாதிரி நான் பார்த்ததே இல்ல. கெழக்கால கைப்பிடிய கழட்டிட்டு, மேக்கால நின்னு இழுத்தா சுளுவா வந்துடும். கெழக்கால நிக்கக் கூடாது, கெளை கீது."

சரியான யோசனை. அவனே என்றாலும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

"அந்தப் பக்கத்து நட்டு இறுகிக் கெடக்குதுங்க" என்றான்.

"தொட்டுக்கூடப் பாக்கலியே நீ?"

"பாத்தாலே தெரியுதுங்க. மேக்கால கைப்பிடியக் கழட்டறேன். கெழக்கால நின்னு இழுத்துக்கறேன்."

ஏட்டு அவன் முகத்தையே பார்த்தார். "கெளை வுழுந்தா உன் பொண்டாட்டிக்கு நாங்களா பதில் சொல்றது?"

"வுழாதுங்க."

"மாமா!" என்று செவ்வந்தி கூப்பிட்டாள். எஸ்.ஐ. அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "சீக்கிரம்யா" என்றார்.

அறுப்பு வாயில் ஆப்பு வைத்து அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் மரம் உள்ளே முனகியது. பழுப்பு இலை தலையில் கொட்டியது. மேற்குக் கைப்பிடியின் நட்டு விரலாலேயே சுழன்றது. அவனே எண்ணெய் போட்டு வைத்தது. அதை மறைக்க முக்கி முனகிக் கழற்றினான். பிறகு கிழக்கே போய், கிளைக்கு அடியில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, கருவேலங்கட்டையைப் பிடித்தான். இழுத்தான். வரவில்லை. இன்னும் ஒரு ஆப்பு அடிக்கச் சொன்னான். ஏட்டே அடித்தார். மறுபடி இழுத்தான். ரம்பம் நறநறவென்று ஒரு முழம் வந்தது. மேலே ஏதோ படபடவென்றது. "எழுந்து வாய்யா!" என்று யாரோ கத்தினார்கள். கையை விடவில்லை. காலை அடிமரத்தில் உதைத்து மல்லாக்க விழுந்தான். ரம்பமும் அவனோடு வந்து மார்மேல் கிடந்தது. உருண்டான். கிளை முறிந்து அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் இறங்கியது. அதன் ஒடிந்த சிம்பு ஒன்று கெண்டைக்காலைக் கிழித்துக்கொண்டு போனது.

எழுந்தபோது வலது கை கிழக்குக் கைப்பிடியை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது.

"மில்லுல இப்படித்தான் வேலை செய்வியா?" என்றார் எஸ்.ஐ. பாதி கோபம், பாதி மெச்சல். "யார் ரம்பம்னு தெரியுமா?"

"தெரியலீங்க."

"இந்த ஊர்ல எவன்கிட்ட ரெண்டாள் ரம்பம் கீது?"

"நான் வாரத்துல ஒரு நாள் வரவனுங்க."

சனத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ரங்கம்மாள்கூட.

ஏட்டு ரம்பத்தைத் தோளில் வைத்துப் பார்த்தார். கைப்பிடி கழுத்தில் இடித்தது. "தம்பி, இந்தக் கைப்பிடியையும் கழட்டிக் குடுத்துடு. கள்ளக்குறிச்சி வரைக்கும் மரம் மரமா ஏறி எறங்கணும். தகடு மட்டும்னா சாக்குல சுத்திக்கினு போய்டுவேன்."

கொளஞ்சியப்பன் ரம்பத்தை வாங்கி மடியில் வைத்து உட்கார்ந்தான். கெண்டைக்கால் ரத்தம் பாதத்துக்கு இறங்கியது. பையைத் துழாவினான். நட்டுக்குச் சரியான ஸ்பேனர் கையில் பட்டது. அதை விட்டுவிட்டு ஒரு சைஸ் பெரியதை எடுத்தான். ஆலையில் கூட இருப்பவன் எவனாவது இப்படி எடுத்தால் ஃபோர்மேன் வருவதற்குள் இவனே திட்டித் தீர்த்துவிடுவான். மாட்டினான். கழற்றுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் முறுக்கினான். ஸ்பேனர் நழுவி நட்டின் மூலையைச் சீவியது. மறுபடி மாட்டினான். உடம்பு எடை மொத்தத்தையும் போட்டு முறுக்கினான். இன்னொரு மூலை. இன்னொன்று. இரும்புத் தூள் மினுமினுத்து விரலில் ஒட்டியது. கொஞ்ச நேரத்தில் நட்டு கோலிக்குண்டு மாதிரி உருண்டையாகிவிட்டது.

"நான்தான் சொன்னனே சார், இறுகிக் கெடக்குதுன்னு."

ஏட்டு குனிந்து நட்டைப் பார்த்தார். பிறகு அவன் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார்.

"பிட்டரு" என்றார். ரம்பத்தை அப்படியே கைப்பிடியோடு தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

அவர்கள் கள்ளக்குறிச்சிப் பக்கம் நடந்தார்கள். விழுந்து கிடந்த மரங்களின்மேல் ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். ஏட்டு தோளில் ரம்பம் வெயிலில் பளிச்சென்று ஆடிக்கொண்டே போயிற்று. செவ்வந்தி முந்தானையைக் கிழித்து அவன் காலில் கட்டினாள்.

"கழட்ட முடியுமா மாமா?"

"ஸ்பேனர் பிடிக்காது. இனிமே அறுத்தாத்தான் உண்டு."

"அறுப்பானுங்களா?"

அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். தூரத்து மரத்தடியில் போலீஸ்காரர்கள் இளைப்பாற உட்கார்ந்தார்கள். ஏட்டு ரம்பத்தை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, கைப்பிடியை இப்படியும் அப்படியுமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.