பண்டலுக்கு என்ன போடுவது

நாயைப் பற்றிப் பேச யாராவது வாயைத் திறந்தாலே சென்னியப்பனுக்குப் பயமாக இருந்தது. திறக்கிற வாயெல்லாம் ஒரு பத்தியம் சொன்னது.

நாயின் பெயர் பண்டல். பல்லடம் ரோட்டில் அருள்புரத்துக்குச் சற்று இந்தப் பக்கம் மீரா சாகிபுவின் சலவைப் பட்டறை இருந்தது. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலிருந்து வரும் துணியை அங்கே வெளுத்து, பக்கத்துத் தரிசுக் காட்டில் விரித்துக் காயப்போடுவார்கள். காட்டுக்குச் சென்னியப்பன் காவல். அறுபதாம் வருஷம் ஒரு நாள் துணி மூட்டையைப் பிரித்தபோது உள்ளே ஒரு குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. பண்டலுக்குள் வந்ததால் பண்டல் என்றே கூப்பிட்டார்கள். ஆறு வருஷமாக அந்தக் காட்டில் ஒரு காக்காயை இறங்க விட்டதில்லை, ஓர் ஆட்டை நுழைய விட்டதில்லை.

போன மாதம் பண்டலுக்கு மூத்திரம் நின்றுபோனது. சென்னியப்பன் அதைச் சாக்கில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். டாக்டர் வயிற்றைக் கீறி ஏழு கல்லை எடுத்தார். ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அளவு. பொட்டலம் கட்டிக் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"இது மறுபடியும் கட்டும்பா. இன்னொரு தரம் அறுத்தா தாங்காது. சாப்பாட்டைப் பாத்துப் போடு. தண்ணி நிறையக் குடிக்கணும்."

பார்த்துப் போடு என்றால் எதைப் பார்த்து? அவன் கேட்பதற்குள் சினை மாடு ஒன்றைக் குறுக்கே ஓட்டி வந்துவிட்டார்கள். அதற்கப்புறம் டாக்டர் மாட்டுக்குத்தான் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் மயிலாள் சொன்னாள்: "கொள்ளை வேக வெச்சு அந்தத் தண்ணியக் குடுங்க. எங்கம்மாவப் பெத்த அப்புச்சிக்கு அதுலதானுங்க கல்லு கரைஞ்சுது." மனைவி சொன்னால் மறுப்பானா? ரெண்டு நாள் கொடுத்தான். மூன்றாம் நாள், பட்டறையில் துணி அலசும் காளியாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். "கொள்ளு சூடு தம்பீ! இருக்கற தண்ணியையும் சுண்ட வெச்சுப்போடும். வாழைத்தண்டு போடு."

வாழைத்தண்டைப் பண்டல் மோந்து பார்த்தது. பிறகு சென்னியப்பனைப் பார்த்தது. இவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிற பார்வை. தயிர் சோற்றில் பொடிப்பொடியாக நறுக்கிப் பிசைந்து வைத்தான். சோற்றை முழுக்கத் தின்றுவிட்டுத் தண்டை மட்டும் ஒன்றுவிடாமல் தட்டில் விட்டிருந்தது. அத்தனை நேர்த்தியாகப் பொறுக்க மயிலாளுக்குக்கூட வராது.

மீரா சாகிபு நாயைத் தொடமாட்டார். ஆனால் காலையில் பட்டறைக்குள் கால் வைத்ததும் முதல் கேள்வி பண்டலைப் பற்றித்தான். நாலடி தள்ளி நின்று சொன்னார்: "பார்லித் தண்ணி குடு சென்னியப்பா. எங்கூட்டுக்காரி சைதுன்னிசாவுக்கு நீர்க்கடுப்பு அதுலதான் கேட்டுச்சு." மறுநாள் பார்லி டின் ஒன்றையும் அவரே அனுப்பிவைத்தார்.

இதற்கு நடுவே எலும்பு. எலும்பே பாதிக் கல்லுதான் என்றாள் காளியாத்தாள். நியாயமாகத்தான் பட்டது. நிறுத்தினான். பண்டல் சோற்றையே தொடவில்லை. சோறு இறங்காததால் தண்ணியும் இறங்கவில்லை. மறுபடி எலும்புச் சாறு வைத்தான்.

அப்புறம் உப்பு. பட்டறையில் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அண்டாவில் வெள்ளையாகக் கல் கட்டிக்கொள்ளும், உளி வைத்துத்தான் சுரண்ட வேண்டும். ஒரு நாள் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது சென்னியப்பனுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. உப்புத் தண்ணிதான் கல்லுக்குக் காரணம்! அன்றிலிருந்து பண்டலுக்குத் தூரத்துக் கிணற்றிலிருந்து நல்ல தண்ணி. சோற்றில் உப்பு கிடையாது. விளங்கிய சந்தோஷம் நாலு நாள் நின்றது. மாட்டாஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போனபோது கம்பவுண்டர் சொன்னார்: "ஒரு சிட்டிகை உப்புப் போடுங்க, அப்பத்தான் தாகம் எடுத்துத் தண்ணி குடிக்கும்."

உப்புப் போட்டால் கல்லா, போடாவிட்டால் கல்லா? சென்னியப்பன் படிக்காதவன்தான், மடையன் இல்லை. ஆனால் அந்த ஒரு மாதத்தில் மடையனாகவே ஆகிவிட்டான். சோற்றைப் பிசைந்த கை தட்டுக்கு மேலே நின்றுவிடும். இதைப் போட்டுப் பண்டல் செத்துப்போனால், போட்டவன் நான்தானே என்று தோன்றும். பண்டல் இல்லாமல் அந்தக் காட்டில் ஒரு பகல் நிற்க அவனால் ஆகாது.

கடைசியில் எல்லோருக்கும் பாதி பாதியாகக் கீழ்ப்படிந்தான். எலும்புச் சாற்றில் பார்லி, அதில் சிட்டிகை உப்பு. அது பண்டலுக்குப் பிடித்துவிட்டது. காலையில் ஒரு செம்பு, உச்சிக்கு ஒரு செம்பு, மூன்று மணிக்கு ஒரு செம்பு. சென்னியப்பன் பெருமூச்சு விட்டான்.

பத்தாம் நாள் மூத்திரம் மறுபடியும் சொட்டுச் சொட்டாக வந்தது. ரத்தமும் வந்தது.

இந்த முறை டாக்டரிடம் மாடு எதுவும் இல்லை. வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "இன்னும் அடைக்கலை. என்ன போடறே?"

சென்னியப்பன் கொள்ளில் தொடங்கிக் கம்பவுண்டர் உப்பு வரைக்கும் ஒப்பித்தான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு நாய்க்கா, ஊர் நாய் அத்தனைக்குமா?" பிறகு கேட்டார்: "சரி, ஒரு நாளைக்கு எத்தனை தரம் மூத்திரம் போகும்?"

அந்த ஒரு மாதத்தில் சென்னியப்பன் முதல்தடவையாகச் சிரித்தான். விடை தெரிந்த ஒரே கேள்வி.

"ரெண்டே தடவைங்க. காலையில துணி விரிக்கறதுக்கு முந்தி ஒண்ணு, சாயங்காலம் துணி எடுத்ததுக்கு அப்பறம் ஒண்ணு. நடுவுல காலத் தூக்காதுங்க. குட்டியில ஒருக்கா வெள்ளைத் துணி மேல போயிருச்சு. புளியம் விளாறு ஒடிச்சு முதுகுல நாலு வெச்சனுங்க. அன்னிக்கோட சரி. அத்தனை ஒழுக்கமுங்க."

டாக்டர் விரல் விட்டு மணியை எண்ணினார்.

"பத்து மணி நேரம் அடக்கி வச்சிருக்குது. நீ மூணு செம்பு வேற ஊத்தறே. மாத்திரை தரேன். சாப்பாட்டை அப்புறம் பாத்துக்கலாம்பா. முதல்ல அதை மூத்திரம் போக விடு."

சென்னியப்பன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தான். டீக்கடையில் எத்தனை பேரிடம் இந்தப் பெருமையை அடித்திருப்பான்!

மறுநாள் உச்சி வெயிலில் பண்டலை வேலியோரம் கூட்டிப்போனான். "போ கண்ணு. ஒண்ணுஞ் சொல்லமாட்டேன், போ." பண்டல் விரித்த துணியைப் பார்த்தது, உட்கார்ந்துகொண்டது. ரோட்டுக்கு இழுத்துப் போனான். கயிற்றை அவிழ்த்ததும் காட்டுக்கு ஓடி வந்துவிட்டது. வேலை நேரமாயிற்றே.

சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டினான். குனிந்து முதல் வரிசைத் துணியை எடுக்க ஆரம்பித்தான்.

"ஈரந் தம்பீ! சுருட்டுனா பழுப்பேறிப் போயிரும்!" என்று காளியாத்தாள் ஓடி வந்தாள்.

"பொறவு விரிச்சுக்கலாங்க. இப்பப் புடியுங்க."

ஒரு வரிசை எடுத்தார்கள். பண்டல் அசையவில்லை. ரெண்டு, மூன்று, ஏழு. கடைசித் துணியின் கடைசி நுனி தரையை விட்டு எழுந்த பிறகுதான் அது எழுந்தது. வேலியோரம் போய், காலைத் தூக்கியது. முதலில் சொட்டாக, பிறகு கோடாக.

அந்த நேரம் பார்த்து மீரா சாகிபு வந்து இறங்கினார். நடுப்பகலில் காடு மொட்டையாகக் கிடந்தது. வானத்தை அண்ணாந்து பார்த்தார். "மழையா வருது?"

"இல்லீங்க மொதலாளி." சென்னியப்பன் வேலியோரம் கையைக் காட்டினான். "பண்டல் ஒண்ணுக்குப் போகுதுங்க."

சாகிபு பார்த்தார். பண்டல் இன்னும் முடிக்கவில்லை. அவன் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்போதுதான் அதுவும் முடித்தது. சாகிபு சட்டைக் கையை மடித்துவிட்டு ஈரத் துணியின் ஒரு நுனியைப் பிடித்தார். "விரி சென்னியப்பா. நாளைக்கும் உச்சிக்கு எடுத்துரு."

பண்டல் மெதுவாக வந்தது. சென்னியப்பனின் கிட்டே வந்ததும் நின்று, அவன் வலது கையைப் பார்த்தது. பிறகு இடது கையைப் பார்த்தது. ரெண்டிலும் விளாறு இல்லை என்று தெரிந்த பிறகுதான் வாலை ஆட்டியது.