கரண்ட் அடுப்பும் கேட் பாஸும்

சோறு கொதி வரும் நேரம் பார்த்து அடுப்பு மறுபடியும் நின்றுவிட்டது. கீங் கீங் என்று கத்திவிட்டு, கண்ணாடிப் பலகையின் ஓரத்தில் சிவப்பாக E5 என்று காட்டியது. கங்கம்மாவுக்கு அந்த முதல் எழுத்து, மூன்று பல் மட்டும் மிஞ்சிய சீப்பு. சீப்பும் சைபரும் வந்தால் பாத்திரம் சரியில்லை, அலுமினியத்தை எடுத்துவிட்டு இரும்பு அடி போட்ட சட்டியை வை என்று அர்த்தம். அது அவளுக்குத் தெரியும். சீப்பும் ஐந்தும் இன்றைக்குத்தான் முதல் தடவை.

சுவிட்சை அணைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். முந்தானையால் விசிறிவிட்டு மறுபடி போட்டால் நல்ல பிள்ளை மாதிரி வேலை செய்தது. தண்ணீர் முணுமுணுக்கத் தொடங்கியதும் திரும்ப கீங் கீங். அரிசி பாதி வெந்தும் வேகாமலும் சட்டியில் கிடந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பெயின்ட்டுக்குத் தின்னர் கலக்கும் கம்பெனி அது. உள்ளே நெருப்பு ஆகாது. தீப்பெட்டியையும் செல்போனையும் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கெஸ்ட் ஹவுஸ் சமையலுக்கும் கேஸ் கிடையாது, இந்தக் கரண்ட் அடுப்பு ஒன்றுதான். நேற்று ஆயுத பூஜை, இன்று விஜயதசமி லீவு. ஆள் என்று இருந்தவர்கள் கேட்டில் செக்யூரிட்டி சலாஹுதீன், புது மெஷினை ஓட்டிப் பார்க்க வந்திருந்த புனேக்கார இன்ஜினியர், அவருக்குச் சோறாக்க கங்கம்மா. அவளும் லீவு கேட்டுப் பார்த்தாள். இன்றைக்கு வராவிட்டால் இனிமேல் வரவே வேண்டாம் என்றார் அவளை வேலைக்கு வைத்த கான்ட்ராக்ட் மேஸ்திரி.

செப்புக் கம்பி திருடு போனதிலிருந்து கம்பெனியில் ஒரு சட்டம். கான்ட்ராக்ட் ஆள் யாரானாலும், ஆபீசர் கையெழுத்துப் போட்ட பாஸ் இல்லாமல் கேட்டைத் தாண்டி வெளியே போக முடியாது. இன்றைக்கு ஆபீசர் என்றால் புனேக்காரர்தான். அவர் சாப்பிட்டால்தான் கையெழுத்து. அடுப்பு எரிந்தால்தான் சாப்பாடு.

கவரப்பேட்டையில் அவள் வீட்டுக்கு மத்தியானம் மருமகன் லோகு வருகிறான், சோனியாவை சூலூர்பேட்டைக்குத் திரும்ப அழைத்துப் போக. போன மாதம் காது கிழிந்து, ரத்தக் கறை படிந்த ஜாக்கெட்டோடு தனியாக பஸ் ஏறி வந்த பெண். ‘அனுப்ப மாட்டேன்’ என்று சொல்ல அந்த வீட்டில் இருப்பது கங்கம்மா ஒருத்திதான். அவள் புருஷன் சுப்பிரமணி, முன்னால் ஒரு குவார்ட்டர் பாட்டிலை வைத்துவிட்டால் யார் எதைச் சொன்னாலும் ‘ஆவட்டும்’ என்பார். லோகுவுக்கும் அது நன்றாகத் தெரியும்.

அவள் டிரம் அடுக்கிய முற்றத்தைத் தாண்டி கேட்டுக்கு ஓடினாள்.

“பாய், தானியேலுக்கு ஒரு போன் போடு. அடுப்பு படுத்துக்குச்சு.”

“லீவு நாளு. அதுக்கும் லீவு வேணாமா?” என்றார் சலாஹுதீன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் மறுபேச்சுப் பேசாமல் நம்பரை அழுத்தினார்.

தானியேல் கம்பெனி எலெக்ட்ரீஷியன். பொன்னேரியில் மாமியார் வீட்டில் இருந்தான். “யக்கா, இன்னா காட்டுது?”

“சீப்பு. பக்கத்துல அஞ்சு.”

“சீப்பா? தல வாரிக்கினியா அத்தால?”

“பேஜாரு பண்ணாத தானியேலு. நான் ஊட்டுக்குப் போவணும்.”

“சரி சரி. அதுன்னா உள்ள சூடு ஏறிக்கிச்சுன்னு அர்த்தம். அடியில ஒரு காத்தாடி கீது. அது சுத்தலன்னா அடுப்பு தானா நின்னுடும். கைய வச்சிப் பாரு, காத்து வருதா?”

திரும்ப ஓடினாள். அடுப்பைப் போட்டு அடியில் கையை வைத்துப் பார்த்தாள். காத்து இல்லை. திரும்ப கேட்டுக்கு வந்து சொன்னாள்.

“பிளக்க புடுங்கிட்டுக் கவுத்துப் பாரு,” என்றான் தானியேல். “புடுங்கிட்டு, இன்னா? ஷாக் அடிச்சா என்னைக் கேக்கக்கூடாது.”

சட்டியை இறக்கி வைத்து அடுப்பைக் கவிழ்த்தாள். அடியில் வரிவரியாக வெட்டிய ஓட்டை முழுக்கப் பொரி அடைத்திருந்தது.

நேற்று பூஜையில் மிக்சர், பம்ப், தள்ளுவண்டி எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்தபோது, ‘என் அடுப்பும் ஆயுதந்தான்’ என்று சண்டை போட்டு இதையும் கொண்டுபோய் வைத்தது அவள்தான். சந்தனம் குங்குமம் இட்டு, வாழை இலையில் பொரி பரப்பி அதன்மேல் உட்கார வைத்தாள். தேங்காய் உடைத்ததும் ஒவ்வொரு மெஷினையும் ஒரு சுற்று ஓட்டி நிறுத்துவது அங்கே வழக்கம். அவளும் ஒரு சட்டித் தண்ணீரை வைத்து அடுப்பைப் போட்டுக் கும்பிட்டாள். அடியில் இருந்த காத்தாடி இலையில் கிடந்த பொரியை எல்லாம் உறிஞ்சிக்கொண்டது.

தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி ஒவ்வொன்றாக நெம்பினாள். தூக்கிக் குலுக்கினாள். உள்ளே காத்தாடி இறக்கையில் ஒட்டியிருந்த கடைசிப் பொரியை எடுக்கத்தான் நேரமானது. ஊசி வளைந்துபோனது. பிளக்கைச் சொருகினாள். அடியிலிருந்து ஊய் என்று காத்து அடித்தது. சோறு கொதித்தது, வடித்தாள். பருப்பு வெந்தது. வெண்டைக்காயை வதக்கி இறக்கும் வரை அந்தச் சீப்பு வரவில்லை.

புனேக்காரர் வந்து நின்றவாக்கில் அள்ளிச் சாப்பிட்டார். அவள் பாஸை நீட்டினாள். “பாத் மே, பாத் மே,” அப்புறம் பார்க்கலாம் என்று கையை ஆட்டிவிட்டு மெஷின் ஷெட்டுக்கு ஓடினார். ஷெட்டைச் சுற்றிப் போட்ட சிவப்புக் கோட்டைத் தாண்டிக் கான்ட்ராக்ட் ஆள் கால் வைக்கக்கூடாது. கங்கம்மா கோட்டுக்கு இந்தப் பக்கம் பாஸும் கையுமாக நின்றாள். உள்ளே மெஷின் போட்ட சத்தத்தில் அவள் கூப்பிட்டது அவளுக்கே கேட்கவில்லை.

கேட்டிலிருந்து விசில் வந்தது. ஓடினாள். சலாஹுதீன் போனை நீட்டினார்.

“ம்மா,” என்றாள் சோனியா. ரகசியமாகப் பேசினாள். “நைனா ஒத்துக்கினாரு. ஆட்டோ வாசல்ல நிக்குது. பொட்டி ஏத்திட்டாங்க. நீ வரமாட்டியா?”

கங்கம்மா பூட்டிய கேட்டையும் கையில் இருந்த வெற்றுப் பாஸையும் பார்த்தாள். “ஆட்டோ சிப்காட் ரோட்டாலதானே வரும்? கம்பெனியாண்ட வந்ததும் வாந்தி வருதுன்னு எறங்கு. நான் கேட்லயே நிக்கிறேன்.”

“எறங்கி?”

“எறங்கு. பாத்துக்கலாம்.”

எறங்கினால் என்ன செய்வது என்று அவளுக்கே தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகிற லாரியெல்லாம் புழுதியை அவள் முகத்தில் போட்டுவிட்டுப் போனது.

ஆட்டோ வந்தது. சோனியா வாயைப் பொத்திக்கொண்டு இறங்கி நேராகக் கேட்டுக்கு வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் மகள், இந்தப் பக்கம் தாய். ஆட்டோவை ஓட்டிவந்த லோகு பின்னாலேயே இறங்கினான். சிரித்தான்.

“அத்தை இங்கதான் கீறீங்களா? மாமா கையில பேசி முடிச்சாச்சு. ஏறு சோனியா, லேட்டாவுது.”

“அவ வரமாட்டா,” என்றாள் கங்கம்மா.

“வெளிய வந்து சொல்லுங்களேன்,” என்றான் லோகு. பாஸ் சட்டம் அவனுக்கும் தெரிந்திருந்தது. சோனியாவின் கையைப் பிடித்தான். அவள் மறு கையால் கம்பியை இறுக்கிக்கொண்டாள்.

காலையிலிருந்து கேட் ரூம் போனில் அவள் பேசிய பேச்செல்லாம் சலாஹுதீன் காதில் விழுந்ததுதான். எழுந்துவந்து சின்னக் கதவின் தாழ்ப்பாளை நீக்கினார். “கான்ட்ராக்டுக்கு ஆள் வந்திருக்குதா? உள்ள வாம்மா.”

சோனியா கையை உதறிக்கொண்டு குனிந்து உள்ளே நுழைந்தாள். அவர் கதவைச் சாத்தினார்.

“யோவ் பாய், அது எம் பொண்டாட்டி.”

“இருக்கட்டுமே. உள்ள வர நான் போதும். வெளிய போவத்தான் ஆபீசர் கையெழுத்து.”

“கூப்புடு அந்த ஆபீசர.”

“அவர் நிக்கிற எடத்துக்கு நானே போவக்கூடாது தம்பி. ஆட்டோவ அந்தாண்ட தள்ளி நிறுத்து. இது தின்னர் கம்பெனி, பீடியும் பத்தவைக்காத.”

லோகு கேட்டை ஒரு உதை உதைத்தான். பிறகு ஆட்டோவை எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில் போட்டுவிட்டு, சீட்டில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்துகொண்டான். போகிறவன் உட்காருகிற மாதிரி இல்லை அது.

சாயங்காலம் மெஷின் நின்றது. புனேக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தானே சமையலறைக்கு வந்து, மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு பாஸை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். ‘கர் ஜாவ்,’ வீட்டுக்குப் போ என்று வாசலைக் காட்டினார். மூலையில் உட்கார்ந்திருந்த சோனியாவை அப்போதுதான் கண்டார். யார் என்பதுபோலப் பார்த்தார்.

“ஹெல்பர் சார்,” என்றாள் கங்கம்மா.

ஜன்னல் வழியே கேட் தெரிந்தது. அதற்கு அப்பால் புளியமரத்தடியில் ஆட்டோ இன்னும் நின்றது. அதில் இப்போது லோகுவோடு இன்னொரு ஆளும் உட்கார்ந்திருந்தான்.

கங்கம்மா பாஸை நான்காக மடித்து இடுப்பில் சொருகினாள். “ராத்திரிக்குச் சப்பாத்தி போடட்டுமா சார்?” என்று கையால் தட்டிக் காட்டிக் கேட்டாள்.

அவருக்குப் புரியவில்லை. இன்று லீவு, போ, போ என்று மறுபடி வாசலைக் காட்டினார். சோனியா எழுந்து மாவு டப்பாவை இறக்கினாள்.