ஹென்றி அளந்த சூடு

கொமூட்டர் ரயில் கோலாலம்பூர் சென்ட்ரலை விட்டுக் கிளம்பியதிலிருந்து கிள்ளான் வரும்வரை, பிரேமினி ஒரே வாக்கியத்தைத்தான் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஹென்றி, நீங்க சொன்னதுதான் சரி.' அதைச் சொல்ல நாலு வருஷம் பிந்திவிட்டது, பாருங்கள்.

இருவரும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். அவள் தலைமை. உலோகக் கலத்தில் ஆர்கன் வாயுவை விட்டு, மின்சாரம் பாய்ச்சி, சுற்றிலும் காந்தம் வைத்தால் வாயு பிளாஸ்மாவாகி ஊதாவாக ஒளிரும். அதில் எலக்ட்ரான்கள் லேசானவை, சட்டென்று சூடேறும். அயனிகள் கனத்தவை, குளிர்ந்தே கிடக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அயனி சூடேறி வேகமாக ஓட ஓட, அது விடும் ஒளியின் நிறக்கோடு அகலும். ஹென்றி அளந்தபோது கோடு அவள் எதிர்பார்த்ததைவிட மூன்று மடங்கு அகலமாக இருந்தது.

"எலக்ட்ரான் கூட்டம் அலையலையா ஆடுது லா. அந்த ஆட்டம் அயனியையும் புடிச்சு உலுக்குது. அதான் சூடு," என்றான்.

"காந்தம் கோட்டைப் பிரிச்சு அகலமாக் காட்டுது, ஹென்றி. சூடும் இல்ல, ஒன்னும் இல்ல."

அவள் டாக்டர் பட்டம் வாங்கியதே அந்தக் காந்தப் பிளவை ஆராய்ந்துதான். எந்த அகலமான கோட்டைப் பார்த்தாலும் அவள் கண்ணுக்கு அதுதான் தெரியும். கலத்தின் சன்னலில் போலரைசர் என்ற, ஒளியை வடிகட்டும் கண்ணாடியை வைத்துத் திருப்பினால் காந்தத்தின் பங்கு விலகும், மிஞ்சுவது சூடு. அரைநாள் வேலை. செய்து பார்க்கலாமா என்று ஹென்றி கேட்டான். "எனக்குத் தெரியாததா?" என்று அவள் மறுத்துவிட்டாள். அவளுடைய அறிக்கையைப் படித்த நிர்வாகம் அவன் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை.

போன வாரம், ஏதோ உறுத்தலில், தானே கண்ணாடியை மாட்டித் திருப்பினாள். கோடு கொஞ்சம்தான் ஒடுங்கியது. மிச்ச அகலம் முழுக்கச் சூடு.

கிள்ளானில் ஹென்றியின் வீட்டுக் கூடம் முழுக்க டியூஷன் பெஞ்சுகள்.

"வாங்க டாக்டர். வழி தப்பி வந்துட்டீங்களா?"

அவள் வாக்கியத்தைச் சொன்னாள். அவன் பலகையைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டான்.

"இதைப் பத்தி எழுதப்போற கட்டுரையில உங்க பேர்தான் முதல்ல. திரும்பி வாங்க ஹென்றி. நிர்வாகத்துகிட்ட நான் பேசிட்டேன்."

"வரல. இந்தப் பிள்ளைங்களுக்கு எஸ்பிஎம் பரீட்சை வருது." துடைப்பானை வைத்தான். "அறிக்கையில 'அளக்கத் தெரியாதவர்'னு எழுதினீங்களே, ஞாபகம் இருக்கா? டோரிஸ் அதைப் படிச்சிட்டு, 'நெசமாவா?'ன்னு கேட்டா. கட்டின பொண்டாட்டி. நான் என்னத்தச் சொல்ல?"

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

"அவ அஞ்சு மணிக்கு வருவா. நீங்களே சொல்லிட்டுப் போங்க."

மணி மூன்றுதான். செருப்புகளை வாசலில் உதறிவிட்டுப் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். கடைசி பெஞ்சில் ஒரு பெண் நகர்ந்து, "உக்காருங்க ஆன்டி," என்றது. பிரேமினி உட்கார்ந்தாள். ஹென்றி பலகையில் எழுதத் தொடங்கினான்.