உபதேசியார் சைக்கிளின் இரண்டாவது ஏலம்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் சுந்தரராஜுலு. கோவை பீளமேட்டில் பம்ப் உதிரிபாகம் செய்யும் பட்டறை வைத்திருப்பவர். பட்டறைக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அதில் பழைய சைக்கிள்களைச் சேர்த்து, சரிசெய்து வைத்திருக்கிறார். 1996இல் ஒரு வார இதழுக்காக அவரைப் பேட்டி எடுக்கப் போனேன். பேட்டி வெளிவந்தது. அதில் சேர்க்காத ஒன்றைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அவர் இதை வேடிக்கையாகச் சொன்னார். சிரிக்க வேண்டிய இடங்களில் நானும் சிரித்தேன். பேருந்தில் திரும்பும்போதுதான் அந்த வேடிக்கையில் ஒரு பெண் இருந்தது உறைத்தது. அந்தப் பெண்ணைப் பற்றி அவர் அதிகம் சொல்லவில்லை. "ஒரு நர்சம்மா போட்டிக்கு ஏலம் கேட்டுதுங்க. பாவம்."

அந்தப் "பாவம்" என்ற சொல்லைத் தவிர மற்றதை நான் வைத்துக்கொண்டேன்.

2

தொடக்கங்கள்.

பவானி ஆற்றின் மேல் பனி இன்னும் விலகாத அந்தக் காலையில், சத்தியமங்கலத்துக்கு [நிறுத்திவிட்டேன். ஆறு இந்தக் கதையில் எதுவும் செய்வதில்லை.]

உபதேசியார் அமிர்தராஜ் இறந்தபோது அவர் விட்டுச்சென்றது ஒரு வேதப் புத்தகமும் ஒரு சைக்கிளும் [எவரிடமும் இரண்டே பொருட்கள் இருப்பதில்லை. கதைகளில் மட்டும் இருக்கின்றன.]

சைக்கிளின் நெற்றி சுத்தமாக இருந்தது.

இது நிற்கலாம். விளக்கம் தேவை. பழைய இங்கிலீஷ் சைக்கிள்களில், கைப்பிடிக்குக் கீழே முன்குழாயில், கம்பெனியின் பேட்ஜ் இருக்கும். நம் ஊரில் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதன் மேல் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். நாற்பது வருடப் பொட்டு பேட்ஜை அரித்துவிடும். எழுத்து போய்விடும், மதிப்பில் பாதியும் போய்விடும். அதனால் சுந்தரராஜுலு கிறிஸ்தவர்களின் சைக்கிள்களைத் தேடி அலைந்தார்.

"நாங்க நெத்தியில பொட்டு வெச்சு வெச்சே வண்டியக் கெடுத்துப்போட்டமுங்க," என்றார். அவர் வைக்காத பொட்டு இல்லை. கொட்டகை வாசலிலேயே பிள்ளையார் இருந்தார்.

3

1994. சத்தியமங்கலத்தில் ஒரு கிறிஸ்தவ சபை. விளைச்சலுக்கு நன்றி சொல்லிக் காணிக்கைகளை ஏலம் விடும் அறுப்பின் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பு, உபதேசியாரின் சைக்கிள் ஏலத்துக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு சுந்தரராஜுலு பார்க்கப் போனார். உபதேசியார் என்றால் ஊர் ஊராகப் போய் ஜெபக்கூட்டம் நடத்துகிறவர், போதகருக்கு அடுத்த படி. அமிர்தராஜ் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. சைக்கிளைக் காணிக்கையாகக் கொடுத்தது மகன் கிறிஸ்டோ. டெம்போ ஓட்டுகிறவர், சபைக் கமிட்டியில் இருக்கிறவர்.

மகள் கிளாடிஸ் அங்கே இருந்தார். சுகாதார நிலையத்தில் நர்ஸ். அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டதை சுந்தரராஜுலு கேட்டிருக்கிறார். இந்த இடத்தை மட்டும் அவர் இரண்டு குரலில் நடித்துக் காட்டினார்.

"என்னைய ஒரு வார்த்தை கேக்கலியேண்ணா."

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதனாலதான் கேக்கலை."

"நீ ஏறி ஒரு நாள் ஓட்டியிருப்பியா அதை?"

"நீ மட்டும்? அப்பா ஊழியத்துக்கு ஓட்டுன வண்டி. ஊழியத்துக்கே போவட்டும், அம்மணி. சாமிக்குன்னு குடுத்ததைத் திருப்பிக் கேக்க முடியுமா? வேணும்னா ஏலத்துல எடுத்துக்க. யாரு வேண்டாங்கறா?"

கிளாடிஸ் சுந்தரராஜுலுவிடம் வந்தார்.

"ஏனுங்க, இது என்ன பெறும்?"

அவர் ஒரு தொகை சொன்னார். விற்க வந்தவர் கேட்கிறார் என்று நினைத்து, வாங்குகிறவன் சொல்லும் தொகையைச் சொன்னார்.* அண்ணன் சொன்னதைக் கேட்டிருந்தும், கிளாடிஸ் அதை வாங்க நினைப்பவர் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"நீங்க வாங்குனா என்ன பண்ணுவீங்க?"

"அக்கக்காப் பிரிச்சு மண்ணெண்ணெயில ஊறப்போடுவனுங்க. பெயிண்ட், நிக்கல், தங்கக் கோடு எல்லாம் அந்தக் காலத்துல கப்பல்ல வந்து எறங்குன மாதிரி ஆயிருமுங்க."

"இந்தக் கைப்பிடி?"

"அதுதான் மொதல்ல போவுமுங்க."



* தொகையை எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் இன்றைய விலையோடு ஒப்பிடுவீர்கள். உண்மையான மதிப்பில் மூன்றில் ஒன்று என்பது போதும்.

4

கைப்பிடி.

சுந்தரராஜுலு சொன்னது: சைக்கிளின் இடது கைப்பிடி உள்ளே இருக்கும் இரும்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. வலது கைப்பிடி ஏறக்குறையப் புதிது. சீட்டின் பின்பக்கத் தோல் ஒரு கை வைக்கும் அகலத்துக்கு மட்டும் பளபளவென்றிருந்தது. பெடல் கட்டைகள் தேயவில்லை.

"ஓட்டுனதைக் காட்டியும் தள்ளுனது ஜாஸ்திங்க," என்றார்.

சைக்கிளைத் தள்ளும்போது நாம் இடப்பக்கம் நிற்போம். இடது கை கைப்பிடியில், வலது கை சீட்டில்.

ஏன் தள்ளினார்? நான் மூன்று காரணங்கள் எழுதிப் பார்த்தேன்.

அ) அடிக்கடி பஞ்சர்.

ஆ) மூட்டு வலி.

இ) அமிர்தராஜ் ஒரு பண்ணையாளின் மகன். அவர் ஊழியத்துக்குப் போன ஊர்களில் சில தெருக்கள் இருந்தன. அந்தத் தெருக்களில் அவர் சைக்கிளில் உட்கார்ந்து போக முடியாது.

மூன்றாவதை எழுதியவுடன் கதை அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது. இதற்கு மேல் என்ன சொல்ல இருக்கிறது என்று கேட்கிறது. அதனால் அதை அடித்தேன். பிறகு அடித்ததை எடுத்தேன். சுந்தரராஜுலுவிடமே கேட்டேன், ஏன் தள்ளியிருப்பார்?

அவர் ஒரு ஸ்போக்கைத் தட்டிப் பார்த்தார். அடுத்ததையும் தட்டினார்.

"மூட்டு வலியா இருக்குமுங்க," என்றார்.

5

கிளாடிஸ் மீது எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

முதல் வரைவில் அவர் கைப்பிடியில் கன்னத்தை வைத்து அழுதார். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். இரண்டாவது வரைவில் சுந்தரராஜுலுவைப் பார்த்து நீளமாகப் பேசினார். எல்லாம் சரியான கருத்துகள். அவர் நர்ஸாக இல்லாமல் நானாக இருந்தார்.

இப்போது எனக்குத் தெரிந்தது இவ்வளவு. சைக்கிள் தேய்ந்த நிலையிலேயே இருக்க வேண்டும் என்று அவர் விரும்புகிறார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. சுந்தரராஜுலு சொன்ன தொகையை நம்பி, அதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்துத் திரட்டி வைத்திருக்கிறார். அதற்கு மேல் அவரால் முடியாது. சைக்கிள் கோவைக்குப் போனால் அவருடைய அப்பா இறங்கித் தள்ளியதற்கு வேறு சாட்சி இல்லை.

[கடைசி வாக்கியம் என்னுடையது. கிளாடிஸ் அப்படிப் பேசமாட்டார். வேண்டுமானால் விட்டுவிட்டுப் படியுங்கள்.]

6

ஏலம்.

ஆலயத்துக்கு வெளியே பந்தல். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் விலைக்கும் பொருளுக்கும் தொடர்பு கிடையாது. ஒரு எலுமிச்சம்பழம் ஒரு சேவலை விட அதிகத்துக்குப் போகும். எடுத்தவர் அதைத் திரும்பவும் காணிக்கையாகக் கொடுப்பார், மறுபடி ஏலம் போகும். ஒரே பூசணிக்காய் மூன்று வீட்டாரிடம் போய்விட்டு மேசைக்கே வந்து உட்காரும். இது சபையாருக்குத் தெரியும். வாழ்க்கை முழுவதும் பொருளின் சரியான விலையைக் கண்டுபிடிப்பதில் கழித்த சுந்தரராஜுலுவுக்குத் தெரியாது.

ஏலம் விட்டவர் ஜெபமணி, சபைப் பொருளாளர். மைக் அவர் கையில். கோன் ஸ்பீக்கர் மரத்தில்.

"அடுத்தது நம்ம உபதேசியார் வண்டி. இதுல ஏறுனா நேரா பரலோகம். பிரேக் கம்மி, அதனால நடுவுல எங்கயும் நிக்காது."

சிரிப்பு. கிளாடிஸ் கேட்டார். சுந்தரராஜுலு கேட்டார். கிளாடிஸ் தன்னிடம் இருந்த கடைசி வரை போனார். சுந்தரராஜுலு அதைத் தாண்டினார். கிளாடிஸ் திரும்பி அவரைப் பார்த்தார். தான் சொன்ன தொகையைத்தான் சுந்தரராஜுலு தாண்டிக்கொண்டிருந்தார்.

"அப்பத்தானுங்க எனக்கு வெளங்குச்சு," என்று அந்த இடத்தில் சுந்தரராஜுலு என்னிடம் சொன்னார். "ஆனா கேட்டுப்போட்டனே. நிறுத்த முடியுமா?"

முடியும் என்று நான் சொல்லவில்லை.

மூன்று தரம் முடிந்தது. ஜெபமணி மைக்கில் கேட்டார்.

"கோயமுத்தூர் அண்ணாச்சி, காணிக்கைங்களா? ஊட்டுக்குங்களா?"

எடுத்ததைத் திரும்பக் கொடுக்கிறீர்களா, வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்களா என்பது கேள்வி. சுந்தரராஜுலுவுக்கு அது புரியவில்லை. காணிக்கை என்றால் பணம் என்று நினைத்தார். தயங்கினார். தயங்குகிறவர்களுக்குச் சபையார் கை தட்டுவார்கள். அது வழக்கம். தட்டினால் தயங்கியவரும் காணிக்கை என்று சொல்லிவிடுவார், யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது. பந்தல் முழுவதும் கை தட்டியது. தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்த சுந்தரராஜுலு எழுந்து கும்பிட்டார்.

"சரிங்க," என்றார்.

இரண்டு பேர் வந்து சைக்கிளை மேசைப் பக்கம் உருட்டிக்கொண்டு போனார்கள். அவருடைய பணமும் போனது.

[இதுதான் அவர் சொன்ன வேடிக்கை. இங்கே அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.]

7

முடிவுகள்.

முதல் முடிவு: இரண்டாவது ஏலத்தில் சுந்தரராஜுலு மறுபடி கேட்கிறார். இது நடக்கவில்லை. அவர் வெட்கப்பட்டு வெளியே போய்விட்டார்.

இரண்டாவது முடிவு: அவர் மனம் மாறி, கிளாடிஸுக்காக வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிறார். இந்த முடிவை அவருக்கே சொல்லிப் பார்த்தேன், பொருந்தவில்லை. "இல்லீங்க, எனக்குக் கோவம்தான் வந்துது," என்றார்.

நடந்தது: அவர் சாலையில், சைக்கிளை ஏற்றிப்போகக் கொண்டுவந்திருந்த வேனுக்குப் பக்கத்தில் நின்றார். ஸ்பீக்கர் கேட்டது. இரண்டாவது ஏலத்தில் கிளாடிஸ் மட்டும் கேட்டார். மூன்று தரம் முடிந்தது. பிறகு ஜெபமணியின் குரல்:

"கிளாடிஸ் சிஸ்டர், நீ சொல்லு கண்ணு. காணிக்கையா? ஊட்டுக்கா?"

அப்போது டிரைவர் வண்டியைக் கிளப்பினார். வேன் சத்தத்தில் சுந்தரராஜுலுவுக்கு வேறு எதுவும் கேட்கவில்லை.

நான் சத்தியமங்கலத்துக்குப் போய் விசாரித்திருக்கலாம். காந்திபுரத்திலிருந்து அடிக்கடி பேருந்து இருக்கிறது. போகவில்லை. கிளாடிஸிடம் இன்னொருவரும் போய் நின்று கேட்க வேண்டுமா என்று யோசித்தேன்.

ஆகவே பந்தல் அப்படியே இருக்கிறது. உபதேசியாரின் மகள் எழுந்து நிற்கிறார். கோவைக்காரர் வெளியூர், கும்பிடுகிற சாமியும் வேறு, அவரே கொடுத்துவிட்டார். கிறிஸ்டோ சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தங்கையைப் பார்க்கிறார். ஊட்டுக்கு என்று அந்தப் பந்தலில் அன்று யாரும் சொல்லியிருக்கவில்லை. அது தடை செய்யப்பட்ட சொல் அல்ல. ஜெபமணி ஒவ்வொரு முறையும் அதையும் சேர்த்துத்தான் கேட்கிறார்.

கிளாடிஸ் தயங்குகிறார்.

இவ்வளவு நேரம் நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. பந்தலில்தான், நடு வரிசையில். உங்களுக்கு முன்னால் இருப்பவர்கள் கைகளை மடியிலிருந்து எடுக்கிறார்கள். முதல் கைதட்டல் இன்னும் விழவில்லை. நீங்களும் ஏலத்துக்கு வந்தவர்தான், உங்கள் கைகளும் சும்மாதான் இருக்கின்றன.