கிழங்கு வேகும் குளம்

வெந்நீர்ச் சேற்றுக் குளம் ஆறிப்போய்விட்டது என்று லிட்டியானாவின் அண்ணன் அபகூகி சொன்னான். அவளிடம் அவன் நேராகச் சொல்லவில்லை. வலது காலைச் சேற்றில் புதைத்து உட்கார்ந்தபடி, கரையில் நின்ற மாமன் மகன் சக்கியூசாவிடம்தான் சொன்னான்.

"மச்சான், அவகிட்டக் கேளு. இந்தக் குளத்துக்கு என்ன கேடு வந்துச்சு? பச்சத்தண்ணி மாதிரி கெடக்கு."

லிட்டியானா அங்கேயேதான் நின்றாள், வாளியில் சேற்றைக் குழைத்துக்கொண்டு. இருந்தாலும் ஒன்றும் காதில் விழாதவள் போலச் சக்கியூசாவின் வாயைப் பார்த்தாள். அவன் திருப்பிச் சொன்னான். அந்தத் தீவு ஊரில் அண்ணன் தங்கை பேச்சு அப்படித்தான். தங்கை பெரியவளான நாளோடு அண்ணன் அவளிடம் பேசுவது நின்றுவிடும். அவளும் அவன் பெயரைச் சொல்ல மாட்டாள், அவனைத் தொட மாட்டாள், அவன் தலைக்கு மேலே கையை நீட்டிப் பரணிலிருந்து எதையும் எடுக்க மாட்டாள். பகை என்று நினைத்துவிடாதீர்கள், அவ்வளவும் மரியாதை. நடுவில் ஒரு வாய் வேண்டும். அந்த வாய் மாமன் மகனுடையது. அவனுக்கு இரண்டு பேரையும் கிண்டலடிக்க உரிமை உண்டு, சக்கியூசா அந்த உரிமையில் ஒரு துளியையும் வீணாக்கியதில்லை.

லிட்டியானா குனிந்து குளத்தில் கையை விட்டாள். சுள்ளென்றது. நேற்று எப்படியோ அப்படியேதான் இருந்தது. ஆறிப்போனது குளம் இல்லை.

அபகூகிக்குச் சர்க்கரை நோய். வலது கால் விரல்கள் கறுத்து, பாதம் வீங்கி, பட்டணத்து ஆஸ்பத்திரியில் அதை வெட்டி எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். அவன் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டான். சின்ன வயதில் பலாமரத்திலிருந்து விழுந்து ஒடிந்த கையை இந்தச் சேறுதான் கூட்டியது என்பது அவன் நம்பிக்கை. ஊருக்கும் அதே நம்பிக்கைதான். லிட்டியானாவுக்கு இல்லை. வருகிறவர்களுக்கெல்லாம் சேறு பூசிப் பூசியே நரைத்தவள் அவள். சொறி சிரங்கு போகும், மூட்டு வலி குறையும். அழுகினது திரும்பி வந்து அவள் பார்த்ததில்லை.

"அவருகிட்டச் சொல்லு. குளம் ஆறல, கால்தான் செத்துப்போச்சு. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். இல்லன்னா சேத்துல இருந்து எடுத்து நேரா மண்ணுக்குள்ளதான் வைக்கணும்."

சக்கியூசா தொண்டையைச் செருமினான். "மச்சான், உன் தங்கச்சி சொல்றா, டாக்டரையும் ஒரு எட்டு பாத்துட்டு வந்தா நல்லாருக்குமாம்."

"அவ்வளவுதானா?"

"சேறு பூசினதுக்கு அப்புறம் மூஞ்சி பாக்குற மாதிரி இருக்குன்னும் சொன்னா."

"அது நீ சொல்றது."

"ஆமா, நான்தான் சொல்றேன். அந்தக் காலை எடுத்தா என்கிட்டக் குடுத்துரு. குழியடுப்புல கிழங்குக்குப் பக்கத்துல வச்சுருவோம். ஆனா கெழட்டுக் கறி, வேகாது."

அபகூகி வயிறு குலுங்கச் சிரித்தான். லிட்டியானா சொன்னது அவன் காதில் விழாமலா இருக்கும்? விழுந்தது. ஆனால் விழுந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சக்கியூசா வாயில் வந்ததுதான் பேச்சு, மற்றதெல்லாம் காற்று. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பாவி, உயிர் போகிற விஷயத்துக்குக்கூடச் சர்க்கரை தடவிக் கொடுக்கிறானே!

அந்த நேரம் பார்த்து, சேறு பூசிக்கொள்ள வரும் வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்கள் பஸ் வந்தது. சக்கியூசா வரவேற்புப் பாட்டுப் பாடக் கித்தாரைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் ஓடினான். லிட்டியானா ஒரு பெரிய உடம்புக்காரரின் முதுகில் சேறு அப்ப ஆரம்பித்தாள்.

அவர் முதுகு ஒரு சுவர் அளவுக்கு இருந்தது. பாதி பூசிவிட்டு நிமிர்ந்தபோது சேற்றுக் குளத்தில் அண்ணன் இல்லை. கண் தானாக மேட்டைப் பார்த்தது. அங்கே, கல் அடுக்கிய சின்னக் குளத்தின் விளிம்பில், நீராவிக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். அது மனிதர் இறங்கும் குளமே இல்லை. ஊர்ப் பெண்கள் மரவள்ளிக்கிழங்கைச் சாக்கில் கட்டி அதில்தான் இறக்குவார்கள். அடுத்த வீட்டில் கதை பேசிவிட்டு வருவதற்குள் வெந்திருக்கும். கீழே சூடு பற்றவில்லை என்று ஊன்றுகோலை ஊன்றி ஏறியிருக்கிறான் மனுசன். வலது காலைக் கணுக்கால் வரை உள்ளே விட்டுக்கொண்டு, கண்ணை மூடி, சுகமாக உட்கார்ந்திருந்தான்.

லிட்டியானா கையிலிருந்த சேற்றை உதறினாள்.

"சக்கியூசா!" என்று கத்தினாள்.

வாசலில் கித்தார் ஒலித்துக்கொண்டிருந்தது.

"சக்கியூசா! அவரைப் பாரு! காலை எடுக்கச் சொல்லு!"

இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்றால், இருந்தாள். கூடப் பிறந்தவன் கால் வெந்துகொண்டிருக்கிறது, இவள் இன்னொருத்தனைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்கிறாள். முப்பது வருசத்துக்கு மேலாகப் பழகிய நாக்கு அவளுக்கு முன்னால் போய்விட்டது. சேறு பூசிக்கொண்டிருந்தவர் ஏதோ வேடிக்கை என்று சிரித்தார்.

பிறகுதான் அது வந்தது. எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது.

"கூகி! கூகி, காலை எடு!"

அபகூகி கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்தான். பிறகு மெல்லத் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தான். யாரைக் கூப்பிடுகிறாள் என்று தேடினான். அவனைத் தவிர அந்த மேட்டில் ஈ காக்கை இல்லை. கால் மட்டும் அப்படியே தண்ணீரில் இருந்தது.

லிட்டியானா ஓடினாள். கற்களில் வழுக்கி, முட்டியைப் பெயர்த்துக்கொண்டு ஏறி, இரண்டு கைகளாலும் அவன் காலைப் பிடித்து இழுத்தாள். தோல் அவள் கையோடு வந்தது. அவன் வலியில் கத்தியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். கத்தவில்லை. தங்கை தன்னைத் தொட்டுவிட்டாளே என்று திகைத்துப் போய், அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் மறுநாள் டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டும். இனியும் தள்ளினால் விஷம் மேலே ஏறி ஆளையே முடித்துவிடும். அபகூகி மாட்டேன் என்றான். ஒற்றைக் காலோடு ஊருக்குள் போக மாட்டேன், இப்படியே விடுங்கள் என்றான். சக்கியூசா தலைகீழாக நின்று பார்த்தான், கெஞ்சினான், திட்டினான். எதுவும் ஏறவில்லை.

லிட்டியானா அறையின் மூலையில் பாய் விரித்து, கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் கைகளிலும் துணி சுற்றியிருந்தது. முதல் இரண்டு கூப்பாட்டைச் சக்கியூசாவுக்குக் கொடுத்தோமே என்பதுதான் ராத்திரி முழுக்க அவளைத் தின்றது. அதை முதலிலேயே அண்ணனுக்குக் கொடுத்திருந்தால் இவ்வளவு வெந்திருக்குமா? அதோடு முறையையும் மீறியாகிவிட்டது.

"சக்கியூசா," என்றாள் சுவரைப் பார்த்தபடி. "அவருகிட்டச் சொல்லு. பேரைச் சொல்லிட்டேன். தொட்டுட்டேன். தப்புதான். நம்ம முறைப்படி திமிங்கலப் பல்லு கொண்டாந்து முன்னால வச்சு மன்னிப்புக் கேக்குறேன். ஆனா அவரு சாகக் கூடாது. அதை மட்டும் அப்படியே சொல்லு, உன் வெல்லத்தைக் கலக்காத."

சக்கியூசா அப்படியே சொன்னான். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

அபகூகி அவன் பக்கம் தலையைத் திருப்பினான்.

"அவ என்ன பேரைச் சொன்னா?" என்றான்.

"கூகின்னு. உனக்குத்தான் கேட்டுச்சே."

"கேட்டுச்சு. வேற யாரையோன்னு திரும்பிப் பாத்தேன். அந்தப் பேரு எங்கம்மாவோட போயிருச்சுன்னு நெனச்சிருந்தேன் மச்சான். இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லு."

சக்கியூசா லிட்டியானா பக்கம் திரும்பினான். சொல்ல வாயைத் திறந்தான். வாழ்நாளில் முதல் தடவையாக அந்த வாயை ஒன்றும் சொல்லாமல் மூடினான். பிறகு எழுந்து, "எனக்குப் பசிக்குது," என்று சொல்லிவிட்டு வெளியே போனான். கதவையும் சாத்திக்கொண்டு போனான்.

அறையில் இரண்டு பேர் மட்டும்தான். நடுவில் யாரும் இல்லை.

லிட்டியானா சாத்திய கதவைப் பார்த்தாள். துணி சுற்றிய கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். திரும்பவில்லை.

"கூகி."

"என்ன, லிட்டி?"

அவ்வளவுதான், அவள் உடைந்துபோனாள். கடிக்க முந்தானை இல்லை, மேல்சட்டையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு அழுதாள். சொல்ல நினைத்தது எத்தனையோ இருந்தது. அம்மா கடைசியில் அவனைக் கேட்டது இருந்தது, அவன் கல்யாணத்தில் அவள் சமையல் கொட்டகையிலேயே நின்றது இருந்தது. எதுவும் வரவில்லை.

"காலைக் குடுத்துரு, கூகி," என்றாள். "நீ இரு."

கட்டில் கிறீச்சிட்டது. அவன் கையை ஊன்றி எழுந்து உட்கார்வது அவளுக்குக் கேட்டது.

"சரி," என்றான். பிறகு கதவுப் பக்கம் பார்த்து நர்ஸைக் கூப்பிட்டான்.