பெனால்டிக்கு முதுகு காட்டியவள்

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு டெஸ்மண்ட் ஒரு சாவியோடு வந்து வாசலில் நின்றான். அவனுக்குப் பின்னால் தெருவே இல்லை. கடலிலிருந்து ஏறி வந்த மூடுபனி எதிர்வீட்டையும், தபால்பெட்டியையும், அவன் ஓட்டி வந்த பிளம்பர் வேனையும் விழுங்கியிருந்தது. மே மாதக் கடைசியில் ஸ்கார்மவுத்தில் இது வழக்கம்தான். ஊருக்குள்ளே நான்கு மைல் தள்ளிப் போனால் வெயில் அடிக்கும். கடலோரத்தில் மட்டும் இப்படி நாள் கணக்கில் கிடக்கும். சாவி ஒரு சிவப்பு நூலில் தொங்கியது. அதைப் பூச்செண்டு மாதிரி நீட்டினான்.

"என்னடா டெஸ் இது?"

"என் மச்சினியோட கேரவன் சாவி அண்ணே. மலைப்பக்கம், நாப்பது மைல்தான். பால் வாங்கி வெச்சிருக்கா, பன்றிக்கறி பஃப் இருக்கு. ஜன்னல தெறந்தா ஏரி. ஒரு ரெண்டு நாள் நிம்மதியா இருந்துட்டு வாங்களேன்."

"ஏன், லைட்ஹவுஸ் போதாதாமா?"

டெஸ்மண்ட் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டான். "போதும்தான். ஆனா நாளைக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்தா நல்லதுன்னு வரிசையில எல்லாரும் நெனைக்கறாங்க."

நெவில் சிரித்துவிட்டார். சிரித்தபடியே சாவியை வாங்கிச் சமையல்மேசையில் வைத்தார். முப்பத்தொரு வருஷம் டவுன்பஸ் ஓட்டியவர். முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஆளை உள்ளே ஏற்றும் பழக்கம் இன்னும் விடவில்லை. "உள்ள வா, டீ போடறேன்" என்றார்.

வரிசை என்றால் ஊர்க் கால்பந்து மைதானத்தில், கிழக்கு ஸ்டாண்டின் இருபத்துமூன்றாம் வரிசையும் அதன் முன்னாலும் பின்னாலும் உள்ள நான்கைந்து பேரும். இருபது வருஷமாக அதே நாற்காலிகள், அதே பின்னந்தலைகள். யாருக்குப் பித்தப்பை எடுத்தது, யார் பையன் விவாகரத்து வாங்கினான் என்பதெல்லாம் ஒருவருக்கொருவர் அத்துப்படி. நெவில், பக்கத்தில் அவர் மனைவி ஹேசல், நேர் பின்னால் டெஸ்மண்ட். ஹேசலுக்கு நேர் முன்னால் பள்ளிக்கூட ஆயம்மா வேலை பார்த்த ஜானிஸ், மடியில் எப்போதும் ஒரு பை மின்ட் மிட்டாயோடு. நாளை ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு சீசனின் கடைசி ஆட்டம். லண்டனிலிருந்து வரும் அணியை ஜெயித்தால் பிரிமியர் லீக்கில் இருக்கலாம். இல்லையென்றால் கடைசி மூன்று பேரில் ஒருவராகக் கீழ்ப்பிரிவுக்கு மூட்டை கட்டவேண்டியதுதான். ஊரில் இறைச்சிக்கடைக்காரர்கூட விலைப்பலகையை அழித்துவிட்டு "நாளை" என்று மட்டும் எழுதி வைத்திருந்தார்.

இதில் நெவில் செய்யவேண்டியது ஒன்றுதான். வராமல் இருக்கவேண்டும்.

அந்தக் கதை பிப்ரவரியில் ஆரம்பித்தது. பதினோரு ஆட்டம் தொடர்ந்து ஜெயிக்காத அணி. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஹேசலை அடக்கம் செய்தார்கள், அன்று மாலையே ஆட்டம். வரிசை முழுக்கக் கறுப்புக் கோட்டுக்குள் அணியின் மப்ளரைச் சுற்றிக்கொண்டு கல்லறைக்கு வந்திருந்தது. பிறகு இந்த வீட்டில் ஹாம் சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் களவாகக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நெவில்தான் "போங்கப்பா, லேட்டாவுது" என்று துரத்திவிட்டார். அன்று இரண்டு கோலில் ஜெயித்தார்கள். அடுத்த ஆட்டத்துக்கு அவருக்கு ஜுரம், போகவில்லை. ஜெயித்தார்கள். மார்ச்சில் தேறிப் போய் உட்கார்ந்தார், நான்கு கோல் வாங்கினார்கள். அதன் பிறகுதான் டெஸ்மண்ட் போன் செய்து, மென்று விழுங்கி, ராசி என்ற வார்த்தையைச் சொல்லாமலே அந்த விஷயத்தைச் சொல்லி முடித்தான். மைதானத்துக்கு எதிர்த் திசையில் இருக்கும் லைட்ஹவுஸ் வரை நடக்கலாமே, உடம்புக்கும் நல்லது என்றான். அன்றிலிருந்து உள்ளூரில் ஐந்து ஆட்டம். நான்கு வெற்றி, ஒரு டிரா.

நடை அவருக்குப் பிடித்துப்போனது என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆட்ட நேரத்தில் ஊர் காலியாகிவிடும். வெறும் பஸ்கள் வெறும் நிறுத்தங்களில் நின்று புறப்படும். கடலுக்குள் நீளும் கல்பாலத்தின் முனையில், வெள்ளை லைட்ஹவுஸின் காலடியில் அவர் உட்கார்ந்திருப்பார். கோல் விழுந்தால் சத்தம் ஆற்றின் மேலாக மெதுவாக வந்து சேரும். முதலில் தூரத்தில் கடற்பறவைகள் கூட்டமாய் எழும்பும், அப்புறம்தான் ஆரவாரம். பாதித் தூக்கத்தில் கேட்பதுபோல் இருக்கும். அந்தப் பறவைக்கும் ஆரவாரத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியில், ஹேசல் சமையலறையில் ஏதோ கேட்க, தான் வேறு அறையிலிருந்து பதில் சொல்லப்போவதாக அவருக்குத் தோன்றும். அந்த இரண்டு நொடிக்காகவே அவ்வளவு தூரம் நடந்தார்.

டீயில் பால் ஊற்றினார். டெஸ்மண்ட் பிஸ்கட்டை நனைத்தபடி சுவரைப் பார்த்தான். ஆணியில் இரண்டு சீசன் அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின.

"கிளப்புலேர்ந்து கடுதாசி வந்துது" என்றார் நெவில். "ஹேசல் சீட்டு நாளையோட முடியுது. ஜூன்லேர்ந்து வேற யாருக்கோ. குடும்பத்துல வேற ஆள் இருக்காங்களான்னு ஒரு பொண்ணு போன்ல மரியாதையா கேட்டுது. இல்லம்மான்னேன்."

டெஸ்மண்டின் பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது.

"நாளைக்குத்தான் கடைசியா அது அவ சீட்டு. பக்கத்துல போய் உக்காரணும்னு இருக்குடா. அவ்வளவுதான். ஆனா பயமா இருக்கு."

"பயமெல்லாம் எதுக்கு அண்ணே. நாங்க சும்மா பைத்தியக்காரத்தனமா ராசி கீசின்னு..."

"மார்ச்சுல அந்த நாலு கோல் என் ராசி இல்ல டெஸ்."

"அப்பாடா. அதைத்தான் நானும்..."

"நான் கேட்டேன். தோக்கணும்னு உக்காந்து கேட்டேன்."

டெஸ்மண்ட் நிமிர்ந்தான். "யார்கிட்ட?"

"யார்கிட்டயோ. கேட்டதுக்கு மேலயே குடுத்துட்டாங்க."

சொல்ல ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. அடக்கம் முடிந்த அன்று மாலை இதே மேசையில், சாப்பிடாத சாண்ட்விச்சுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். தெருவெல்லாம் கார் ஹாரன், பாட்டு. மூன்று மாதமாகச் சிரிக்காத ஊர், அவள் மண்ணுக்குள் போன அன்றைக்கென்று பார்த்துச் சிரித்தது. எல்லாரையும் வெறுத்தார். "உன்னையும்தான்" என்றார். மார்ச்சில் போய் உட்கார்ந்தபோது பக்கத்து நாற்காலி மடங்கியே இருந்தது, அத்தனை பேரும் பாடினார்கள். தோற்றுப் போங்களடா என்று நினைத்தார். முதல் கோல் விழுந்தது. இன்னொன்று என்று நினைத்தார். அதுவும் விழுந்தது.

"அன்னிக்கு ஒரு பெனால்டி வந்துதே, நமக்கு. ஞாபகம் இருக்கா?"

டெஸ்மண்டுக்கு ஞாபகம் இருந்தது. அடித்தவன் வானத்தைப் பார்த்து அடித்தான். ஆனால் நெவில் சொல்ல வந்தது பந்தைப் பற்றி அல்ல. ஹேசல் பெனால்டி பார்க்கமாட்டாள். நெஞ்சு தாங்காது என்பாள். மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, இவர் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, இவர் முகத்தையே பார்ப்பாள். கோலா இல்லையா என்று அதில்தான் தெரிந்துகொள்வாள். இருபது வருஷத்துப் பெனால்டிகளையும் அவள் பார்த்தது அங்கேதான். பஸ்ஸில் ஆயிரம் பேரிடம் மறைத்த முகம் அவளிடம் மட்டும் மறைக்க வராது.

"அவ இருந்து திரும்பிப் பாத்திருந்தா என்னடா தெரிஞ்சிருக்கும்?"

வெளியே கடலில் கப்பல்களை எச்சரிக்கும் மூடுபனிச் சங்கு ஊதியது. டெஸ்மண்ட் எழுந்து ஜாக்கெட்டை மாட்டினான், ஜிப்பைப் போட அவனுக்கு ரொம்ப நேரம் பிடித்தது. வாசல்வரை போய்த் திரும்பினான்.

"நாளைக்கு வந்தா என்ன கேப்பீங்க?"

"தெரியலடா. அதான்."

"சரி. இதை வரிசையில யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"சொல்லல."

"ஜானிஸ்கிட்ட சொல்லவே சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பனிக்குள் போனான். சாவியை எடுத்துக்கொள்ளவில்லை. வேனில் ஏறிய கையோடு அவனே ஜானிஸுக்குப் போன் போட்டிருப்பான் என்பது நெவிலுக்குத் தெரியும். பன்னிரண்டு மணிக்கே ஊர் பாதிக்குத் தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பனி விலகவில்லை. இரண்டு மணிக்கு நெவில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு இரண்டு அட்டைகளையும் கோட்டுப்பையில் போட்டுக்கொண்டார். சாவியையும் போட்டுக்கொண்டார், எதற்கும் இருக்கட்டும் என்று. ஆற்றுப்பாலத்தில் ஏறியதும் கால்கள் வழக்கம்போலக் கடல்பக்கம் திரும்பின. எதிரே கூட்டம் வந்துகொண்டிருந்தது. முகம் தெரியவில்லை, சிவப்பு மப்ளர்கள் மட்டும் பனியில் மிதந்து வந்து அவரைக் கடந்தன. யாரும் பாடவில்லை. இவ்வளவு பேர் இவ்வளவு அமைதியாக நடந்து அவர் பார்த்ததே இல்லை. எல்லாருக்கும் ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. தனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் தெரியாமல் எதிர்த்திசையில் நடந்தார்.

ஒரு கை அவர் முழங்கையைப் பிடித்தது. தடித்த ஆள், கையில் பாதி தின்ற கறிப் பஃப். "பெருசு, எங்க போறே? மைதானம் இந்தப் பக்கம்! பனியில வழி தவறிட்டியா?" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் அவரைப் பிடித்து முழுசாகத் திருப்பி, முதுகில் தட்டி அனுப்பினான். ஊரே போகிற பக்கம் அவரும் போனார்.

வாயிலில் அவர் மூக்குக்கண்ணாடி முழுக்கப் பனி படிந்திருந்தது. பையில் கை விட்டு வந்த அட்டையைக் கருவியில் வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது, கம்பி சுழன்று உள்ளே விட்டது. நான்கு படி ஏறிய பிறகுதான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அட்டையைப் பார்த்தார். ஹேசலின் பெயர். அவருடைய அட்டை பைக்குள்ளேயே, கேரவன் சாவியோடு கிடந்தது. படியில் நின்று அவள் பெயரைக் கொஞ்சநேரம் பார்த்தார். பின்னால் வந்தவர்கள் திட்டினார்கள்.

இருபத்துமூன்றாம் வரிசையில் அவர் தலை தெரிந்ததும் யாரோ "அய்யய்யோ" என்றார்கள். டெஸ்மண்ட் எழுந்து நின்றுவிட்டான். மைதானத்தில் பனி மெலிதாக இருந்தது. நடுவர் ஒரு கோல்கம்பத்தடியில் நின்று எதிர்ப்பக்கக் கோல்கம்பம் தெரிகிறதா என்று இரண்டாம் தடவையாகப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். தெரிகிறது என்று முடிவாகியிருந்தது.

"பயப்படாத டெஸ்" என்றார் நெவில். "நான் வரல. வேணும்னா கேட்ல போய்க் கேட்டுப் பாரு. ஹேசல்தான் வந்திருக்கா." அட்டையைக் காட்டினார்.

டெஸ்மண்ட் அட்டையைப் படித்தான். இன்னொரு தடவை படித்தான். "அப்போ நீங்க?"

"கேரவன்ல இருக்கேன். ஏரி பாக்கறேன்."

அவனுக்குச் சிரிப்பும் வந்து கண்ணும் கலங்கி, எதைச் செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்தான். நெவில் தன் நாற்காலியைத் தாண்டிப் போய் ஹேசலின் நாற்காலியைக் கீழே இறக்கி உட்கார்ந்தார். இங்கிருந்து மைதானம் ஒரு ஆள் அகலம் தள்ளித் தெரிந்தது. இருபது வருஷம் பக்கத்தில் இருந்தும் அவள் பார்த்த ஆட்டம் கொஞ்சம் வேறாகத்தான் இருந்திருக்கிறது. இடதுபக்கம் மடங்கிக் கிடந்த தன் காலி இடத்தைப் பார்த்தார். அவளுக்குத் தான் எவ்வளவு அருகில் இருந்திருக்கிறோம் என்று இங்கிருந்து பார்க்கும்போதுதான் தெரிந்தது.

அணிகள் வந்தன. ஐம்பதாயிரம் பேரும் எழுந்தார்கள். முன்னால் இருந்த ஜானிஸ் மட்டும் தன் நாற்காலிமேல் முழங்காலிட்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். மிட்டாய்ப் பையை நீட்டினாள். அவர் ஒன்று எடுத்துக்கொண்டார். அவள் திரும்பவில்லை.

"மேட்ச் ஆரம்பிக்கப் போவுது ஜானிஸ்."

"தெரியும்."

"இப்ப ஒண்ணும் பெனால்டி இல்லியே."

"யோவ் நெவில், இன்னிக்கு முழுக்கப் பெனால்டிதான்யா" என்றாள் அவள். "மூஞ்சியத் தூக்கு."

தூக்கினார். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. உதடு நடுங்குவது தெரிந்தது, மிட்டாய் நாக்கில் சில்லென்று கரைவது தெரிந்தது. அவள் தோளுக்கு மேலே, பனியில் பாதி அழிந்த சிவப்புச் சட்டைகள் பந்தின் பக்கத்தில் போய் நின்றன. எங்கோ விசில் ஊதியது. கூரையிலிருந்து கடற்பறவைகள் எழும்பின. ஜானிஸ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.